மெழுகுக் கொக்கியும் கடைசி அடையும்

மழைக்குக் குறைவில்லாத ஒரு காட்டில், ஓடையோரத்து மருத மரத்தின் பொந்துக்குள் ஒரு தேனீக் கூட்டம் குடியிருந்தது. பொந்துக்குள் ஏழு அடைகள் தொங்கின. ஆறு அடைகள் பெரிய வாசலுக்கு அருகே இருந்தன. ஏழாவது அடை மட்டும் உள்ளே தள்ளி, மரப்பட்டை வெடித்த ஒரு கீறலை ஒட்டி இருந்தது. அதைக் கடைசி அடை என்று சொல்வார்கள்.

கடைசி அடையின் செவிலித் தேனீயின் பெயர் காயா. புழுக்களுக்குப் பால் ஊட்டுவது, அறைகளைத் துடைப்பது, குளிர்ந்தால் மேலே படுத்துச் சூடு கொடுப்பது, புழு வளர்ந்ததும் அறையை மெழுகால் மூடுவது, இவையெல்லாம் அவள் வேலை. இவற்றோடு கவலைப்படுவதையும் அவள் ஒரு வேலையாக வைத்திருந்தாள். காற்று அடித்தால் பிள்ளைகளுக்குக் குளிருமே என்று கவலை. அடிக்காவிட்டால் புழுங்குமே என்று கவலை.

"காயா அக்கா, இன்றைக்கு எதற்குக் கவலை?" என்று போகிறவர்களும் வருகிறவர்களும் கேலி செய்வார்கள்.

"இன்றைக்கு ஒரு கவலையும் வரவில்லையே, அதுதான் பயமாக இருக்கிறது" என்பாள் காயா.

ஒருநாள் பெரிய வாசலில் சத்தம் கேட்டது. வாசல் காவலின் தலைவி கள்ளி. கண்டிப்பானவள். வேற்றுக் கூட்டுத் தேனீ எது வந்தாலும் கொட்டித் துரத்திவிடுவாள். ஆனால் தேன் சுமந்து வருகிற தேனீயை மட்டும் கொட்டக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

அன்று வந்தவள் வேற்றுக் கூட்டுத் தேனீதான். ஒரு சிறகு கிழிந்திருந்தது. ஆனால் வயிறு நிறையத் தேன் இருந்தது. உடம்பெல்லாம் தேன் பூசியிருந்தது.

"யாரடி நீ? வாசனையே புதிதாக இருக்கிறது" என்றாள் கள்ளி.

"ஓடைக்கு அந்தப் பக்கம், இலுப்பை மரத்துக் கூடு."

"அங்கே இருப்பவளுக்கு இங்கே என்ன வேலை?"

"அங்கே இனிமேல் யாரும் இல்லை, அம்மா" என்றாள் வந்தவள். "கொக்கியுண்ணி வந்தது. எங்கள் பிள்ளைகளின் அறைக்குள் புகுந்தது. உள்ளே இருந்தே பெருகியது. மிச்சமிருந்த தேனையெல்லாம் குடித்துக்கொண்டு நான் ஒருத்திதான் வந்தேன். தேன் இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டீர்கள் என்று தெரியும்."

கள்ளி வழியை விட்டாள்.

குழந்தைகளே, தேனீக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான செய்தி எதையும் வாயால் சொன்னால் அவை எடுத்துக்கொள்வதில்லை. ஆடிக் காட்ட வேண்டும். பூ எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், எதைக் கட்ட வேண்டும், எல்லாம் ஆட்டத்தில்தான். ஆடி முடித்ததும் அந்தச் செய்தி காற்றோடு போய்விடும். பார்த்தவர்கள் வேலையைத் தொடங்க வேண்டியதுதான்.

கிழிந்த சிறகோடு வந்தவள் முதல் அடையின் மேல் ஏறி ஆடினாள். இடுப்பை வளைத்தாள், நிமிர்ந்தாள், பாதி சுற்றினாள், மறுபடி வளைத்தாள். உண்ணியை அவள் ஆடவில்லை. உண்ணியின் முன்காலில் இருக்கும் கொக்கியை மட்டும் ஆடினாள். அதன் நீளம், அதன் வளைவு, அதன் கழுத்தில் இருக்கும் சிறு பள்ளம், எல்லாம் ஆட்டத்தில் இருந்தன. மெழுகு வேலைக்காரர்கள் கண் எடுக்காமல் பார்த்தார்கள்.

"அந்தக் கொக்கியால்தான் அது அறையின் விளிம்பைப் பற்றும்" என்றாள் அவள், மூச்சு வாங்க. "பற்றினால்தான் உள்ளே போக முடியும். பற்ற விடாதீர்கள்."

பொழுது சாய்வதற்குள் அவள் இறந்துபோனாள். அவளை வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆட்டமும் அவளோடு போயிற்று.

ஆனால் மெழுகு வேலைக்காரர்கள் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டார்கள். தங்கள் வயிற்றில் சுரந்த மெழுகை மென்று, பார்த்த வளைவை அப்படியே செய்தார்கள். முதலில் வாசலோரத்து ஆறு அடைகளில், அடைக்கு ஒன்றாக மெழுகுக் கொக்கிகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றுக்கு உடம்பு இல்லை, வாய் இல்லை. கடிக்கவும் முடியாது, பெருகவும் முடியாது. வெறும் கொக்கி.

காவல் தேனீக்கள் அதைப் பார்த்ததும் சீறின.

"என்ன இது? நம் வீட்டுப் பொருளாகத் தெரியவில்லையே!"

"கடியுங்கள்" என்றாள் கள்ளி. "கடித்துப் பழகுங்கள்."

ஒருத்தி நுனியைக் கடித்தாள், சறுக்கியது. ஒருத்தி முதுகைக் கடித்தாள், பிடி நிற்கவில்லை. பலரும் பலவிதமாகக் கடித்துப் பார்த்தார்கள். கடைசியில் வாகை என்ற சின்னக் காவல்காரி கொக்கியின் கழுத்துப் பள்ளத்தில் வாயை வைத்தாள். பூட்டிய மாதிரி பிடித்துக்கொண்டது. நாலு பேர் இழுத்தும் அவள் வாய் கழலவில்லை.

"அதுதான் பிடி!" என்று கள்ளி கத்தினாள். "எல்லோரும் வாகையைப் பாருங்கள். அவள் கடிப்பது போலக் கடியுங்கள்."

ஒருத்தி பத்துப் பேரானாள். பத்துப் பேர் நூறு பேரானார்கள். அத்தனை பேரும் சிறகை அடித்து ஆவேசமாகப் பழகியதில் கூடே சூடேறியது. குழந்தைகளே, தடுப்பூசி போட்ட மறுநாள் உங்கள் உடம்பு கொதிக்கிறது அல்லவா, கையைத் தூக்க முடியாமல் வலிக்கிறது அல்லவா, அந்த மாதிரிதான் அந்தக் கூடும் கொதித்தது. தேன் எடுக்கப் போகிறவர்கள் போகாமல் சுருண்டு கிடந்தார்கள்.

கடைசி அடையில் இருந்த காயாவுக்கு இந்தச் சூடு வந்து எட்டியது. எட்டியதுமே அவள் அறை அறையாக ஓடிப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து, கீறல் வழியாக ஓர் ஆண் தேனீ உள்ளே வந்தான். அவன் பெயர் தும்பன். வேலை என்று அவன் எதுவும் செய்ததில்லை. கூடு கூடாகச் சுற்றுவான், கிடைத்த இடத்தில் சாப்பிடுவான், ஓரிடத்தில் கேட்டதை மறு இடத்தில் சொல்வான். ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை என்பதால் எந்தக் கூட்டிலும் அவனை யாரும் தடுப்பதில்லை. காயா மட்டும்தான் அவனுக்கு இரங்கிப் பால் கொடுப்பாள். அதனால் அவனுக்குக் கடைசி அடைதான் பிடித்த இடம்.

"அக்கா, விஷயம் தெரியுமா?" என்றான் தும்பன், வாயைத் துடைத்துக்கொண்டு. "அந்த மெழுகுக் கொக்கிக்குள் உண்ணியின் முட்டை இருக்கிறதாம்."

"ஐயோ! யார் சொன்னது?"

"யாரோ சொன்னார்கள். நாலு கூடு சுற்றுகிறவன் காதில் நாலும் விழாதா? அந்தச் சூட்டில் முட்டை பொரியுமாம். பிறகு நம் பிள்ளைகளுக்குச் சிறகே முளைக்காதாம்."

"நீ பார்த்தாயா, தம்பி?"

"பார்த்துவிட்டுச் சொன்னால் அப்புறம் என்ன பயன், அக்கா? அதற்குள் எல்லாம் முடிந்துவிடாதா?"

காயா அறைகளைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் வாய் திறந்து பாலுக்குக் காத்திருந்தன. தும்பன் சொன்னது பொய்யாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பயம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்த இடத்தில் அவன் சொல் போய்ப் பொருந்திக்கொண்டது.

கள்ளி ஒரு மெழுகுக் கொக்கியைத் தூக்கிக்கொண்டு கடைசி அடைக்கு வந்தாள்.

"காயா, உன் அடையின் காவலர் எட்டுப் பேரையும் கூப்பிடு. இரண்டு நாள் பழகட்டும்."

"இங்கே வேண்டாம், அக்கா."

"ஏன்?"

"இந்தச் சூட்டைப் பிள்ளைகள் தாங்காது. அதோடு, அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?"

"உள்ளே மெழுகு இருக்கிறது. நம் வயிற்று மெழுகு. கட்டியதை நீயும்தான் பார்த்தாய்."

"மெழுகு நம்முடையது, சரி. சொன்னது யார்? முகம் தெரியாத ஒருத்தி. ஆடினாள், செத்துப்போனாள். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் யாரிடம் போய்க் கேட்பது?"

"அவள் கூட்டமே செத்தது, காயா. அதைச் சொல்லத்தான் வந்தாள்."

"அவர்கள் கூட்டில் வந்தால் நம் கூட்டிலும் வர வேண்டுமா?"

கள்ளிக்குக் கோபம் வந்தது. "வாசலுக்கு வருகிற எதையும் ஒரு தடவை கொட்டிவிட்டுப் பிறகுதான் யோசிப்பேன் நான். நீ என்னவென்றால் யோசித்து யோசித்தே பிள்ளைகளைச் சாகக் கொடுத்துவிடுவாய் போலிருக்கிறது!"

"என் பிள்ளைகளைப் பற்றி அப்படிப் பேசாதே!" என்று காயா அலறினாள். "பெற்றவள் ராணி. ஆனால் கண் விழித்துப் பால் ஊட்டுகிறவள் நான். நீ ஒரு வாய் ஊட்டியிருக்கிறாயா?"

வாசலில் காவல்காரியின் சொல் செல்லும், அடையில் செவிலியின் சொல்தான் செல்லும். இதுவும் அந்தக் கூட்டத்தின் வழக்கம். கள்ளி கொக்கியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

காயா அதைத் தானே உருட்டிக்கொண்டு போய்க் கீறல் வழியாக வெளியே தள்ளினாள். பிறகு ஆறு அடைகளின் சூடு உள்ளே வராதபடி, இடையில் இருந்த இடுக்கைப் பிசினால் பூசினாள். ராணி போய் வர மட்டும் ஓரத்தில் ஒரு சிறு துளை விட்டாள்.

மூன்றாம் நாள் கூடு ஆறியது. சுருண்டு கிடந்தவர்கள் எழுந்து பறந்தார்கள். மெழுகுக் கொக்கிகளை உடைத்துத் துடைத்து எறிந்துவிட்டார்கள். எந்த முட்டையும் பொரியவில்லை. ஆறு அடைகளிலும் பிள்ளைகள் சிறகோடுதான் வந்தார்கள்.

காயாவின் பிள்ளைகளும் நல்லபடியாக வந்தார்கள்.

"பார்த்தாயா அக்கா!" என்றான் தும்பன். "கொதிக்காமலே உன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மற்றவர்கள்தான் வீணாகக் கொதித்தார்கள்."

காயாவுக்கு அது இனித்தது. அவளை யாரும் புத்திசாலி என்று சொன்னதில்லை. அன்றிலிருந்து வாகையைப் பார்க்கும்போதெல்லாம் அவளே வம்புக்கு இழுப்பாள்.

"என்ன வாகை, உன் உண்ணி வழி தவறிப் போய்விட்டதா? வாய் வலிக்கப் பழகினாயே, பாவம்!"

"வராமல் போனால் நல்லதுதானே, அக்கா" என்பாள் வாகை.

நாட்கள் போயின. உண்ணி வரவில்லை. பழகிய காவல்காரிகள் பலர் வயதாகிப் பூக்காட்டில் விழுந்து இறந்தார்கள். சிலர் காவலை விட்டுத் தேன் எடுக்கப் போனார்கள். கொக்கியின் பிடி தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வாகைகூட இப்போது புளியம்பூவுக்குப் போய் வருகிறவள் ஆகிவிட்டாள்.

ராணி கடைசி அடையில் மறுபடியும் முட்டை இட்டுவிட்டுப் போனாள். முட்டைகள் புழுக்களாயின. காயா மறுபடியும் பால் ஊட்டினாள். ஒரு பிள்ளை மட்டும் சரியாகக் குடிக்காமல் இருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு முழு நாள் நின்று துளித் துளியாக ஊட்டினாள். மறுநாள் அது குடிக்கத் தொடங்கியதும், வேலை முடிந்தவள் போல அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. தேன் எடுக்க யாரும் போகவில்லை.

இரண்டாம் நாள் பகலில் தும்பன் கீறல் வழியாக நனைந்து வந்தான்.

"எங்கேயடா போயிருந்தாய் இந்த மழையில்?"

"மலையடிவாரத்துக் கூட்டுக்கு, அக்கா. அங்கே என்னவோ சரியில்லை. ஒருத்தரும் சோறு போடவில்லை. எல்லோரும் தள்ளாடுகிறார்கள்." அவன் உடம்பை உதறினான். "முதுகு ஒரே அரிப்பு."

"நனைந்தால் அரிக்கத்தான் செய்யும். இங்கே வந்து பிள்ளைகள் பக்கத்தில் படு. சூடாக இருக்கும்."

அடையின் காவலர் எட்டுப் பேரில் ஒருத்தி வந்து அவனை முகர்ந்தாள். "அக்கா, இவன் முதுகில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது."

"மகரந்தமாக இருக்கும். பூவில் புரண்டிருப்பான், சோம்பேறி."

"அசைகிற மாதிரி இருக்கிறதே?"

"ஈரத்தில் எல்லாம் அசையத்தான் செய்யும். நீ போய்க் கீறலைப் பார்."

காவல்காரி போய்விட்டாள். சிவப்பாக இருந்தது தும்பன் முதுகிலிருந்து இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பல. முன்காலின் கொக்கியை அறை விளிம்பில் மாட்டி, ஒவ்வொன்றும் ஓர் அறைக்குள் இறங்கி, புழுவின் அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

சில அறைகள் மழைக்கு முன்பே மூடியாகிவிட்டன. மற்றப் பிள்ளைகளுக்கு அன்றுதான் அறையை மூடத் தொடங்கும் நாள். காயா மெழுகை மென்று, மெல்லிய மூடி செய்து, ஒவ்வோர் அறையையும் மூடிக்கொண்டே போனாள். ஓரம் வரை அழுத்தினாள். காற்றுகூடத் தவறிப் போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து மூடினாள். மழை மேலும் சில நாள் பெய்தது. அது நிற்கும்வரை மூடினாள்.

மழை விட்டதும் தும்பன் தேனுக்காக மற்ற அடைகளுக்கும் போனான். முதுகில் மிச்சம் இருந்தவையும் அவனோடு போயின.

முதல் அடையில் புதுக் காவல்காரிகள்தான் இருந்தார்கள். சிவப்பைப் பார்த்து விழித்தார்கள். அதற்குள் இரண்டு மூன்று உண்ணிகள் அறைக்குள் இறங்கிவிட்டன. பூக்காட்டிலிருந்து அப்போதுதான் வந்த வாகை, சுமையை இறக்குமுன் அப்படியே நின்றாள்.

"இந்த வளைவு எனக்குத் தெரியும்" என்றாள்.

சுமையோடு பாய்ந்து கழுத்துப் பள்ளத்தில் கடித்தாள். கொக்கி பிடிபட்டது. உண்ணி விளிம்பைப் பற்ற முடியாமல் தரைக்கு உருண்டது. கொக்கியின் பிடி தெரிந்து மிஞ்சியிருந்த மற்றவர்களும் ஓடி வந்தார்கள். அவர்களைப் பார்த்துப் புதியவர்கள் கற்றார்கள். முன்பு பழக இரண்டு நாள் ஆயிற்று. இந்தத் தடவை மாலைக்குள் முன்பைவிட இரண்டு மடங்கு வாய்கள் சேர்ந்துவிட்டன. சில உண்ணிகளின் கொக்கி ஆட்டத்தில் கண்டதைவிடக் கொஞ்சம் வேறாக வளைந்திருந்தது. பிடி சறுக்கியது. ஆனாலும் பழகிய வாய் இரண்டாம் முறை, மூன்றாம் முறை கடித்துப் பிடித்தது. ஆறு அடைகளிலும் சேர்த்துச் சில அறைகள்தான் போயின.

கடைசி அடையிலும் எட்டுக் காவல்காரிகள் உண்ணியைக் கண்டுவிட்டார்கள். வெளியே திரிந்தவற்றைக் கடித்தார்கள். நுனியைக் கடித்தார்கள், முதுகைக் கடித்தார்கள். எல்லாம் சறுக்கியது.

"அக்கா, இதை எங்கே பிடிப்பது?" என்று ஒருத்தி கேட்டாள்.

காயாவுக்குத் தெரியவில்லை. அவள் மூடிய அறைகளின் மேல் நடந்துகொண்டிருந்தாள். சில மூடிகள் உள்ளே குழிந்திருந்தன. நிறம் மங்கியிருந்தது. மூடியில் தலையை வைத்துக் கேட்டாள். பிள்ளை புரளும் மெல்லிய சத்தம் கேட்டது. அதோடு வேறு சத்தமும் கேட்டது.

"சொல்லாதே அக்கா" என்று தும்பன் பின்னால் வந்து குசுகுசுத்தான். "கள்ளிக்குத் தெரிந்தால் அடையையே பிய்த்துவிடுவாள். இரண்டு நாள் போகட்டும். தானாகச் சரியாகிவிடும்."

காயா அவனைத் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக அவன் முதுகை நன்றாகப் பார்த்தாள். கொக்கி மாட்டியிருந்த தடங்கள் முதுகெங்கும் இருந்தன.

தான் பூசிய பிசினைத் தானே கடித்துக் கிழித்துக்கொண்டு ஓடினாள்.

"கள்ளி அக்கா! உன் ஆட்களை அனுப்பு!"

கள்ளி காரணம் கேட்கவில்லை. வாகையையும் இருபது பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே திரிந்த உண்ணி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"போதும், போய்விட்டன" என்றாள் காயா. அவள் குரல் கெஞ்சுவது போல இருந்தது.

"வெளியே இருந்தவை போய்விட்டன" என்றாள் கள்ளி. "உள்ளே போனதை என்ன செய்வது? கதவுக்குள் இருப்பதன் கொக்கியை எப்படிக் கடிப்பது?"

"பிள்ளைகள் வெளியே வரட்டும். வந்ததும் கடித்துக்கொள்ளலாம்."

"பிள்ளையோடு சேர்ந்து அறைக்குப் பத்தாக வெளியே வரும். ஏழு அடையும் போய்விடும். திறக்க வேண்டும், காயா."

"திறந்தால் பிள்ளை பிழைக்காது."

"தெரியும்."

கள்ளி அடையை மேலும் கீழும் பார்த்தாள். வரிசை வரிசையாக மூடிகள். குழிந்தவை சில. குழியாதவை பல. குழியாததற்குள்ளும் இருக்கலாம்.

"இதில் மழையில் மூடியவை எவை? மழைக்கு முன்னால் மூடியவை எவை? அது உனக்கு மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் திறக்க எனக்கு மனம் இல்லை. நீ காட்டு."

காயா அசையவில்லை.

"இவள் கால் மடக்கிப் படுத்திருக்கிறாள், அக்கா" என்றாள், ஒரு மூடியைத் தொட்டு. "நேற்று உதைத்தாள். எனக்குக் கேட்டது."

"உள்ளே அவள் தனியாக இல்லை, காயா."

வாகை வந்து காயாவின் பக்கத்தில் நின்றாள். வம்புக்குப் பதில் வம்பு பேச அவளுக்கு அன்று எவ்வளவோ இருந்தது. ஒன்றும் பேசவில்லை.

காயா ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். "இது."

துப்புரவுத் தேனீக்கள் அந்த மூடியைக் கடித்துத் திறந்தன. வெள்ளைக் கூட்டுப்புழு ஒன்று சுருங்கிய சிறகோடு கிடந்தது. அதன் வயிற்றில் உண்ணிகள் தொற்றியிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக் கீறல் வழியாக வெளியே போட்டன.

"இது" என்றாள் காயா. "இது. இதற்கு அடுத்தது."

வரிசையின் பாதியில் ஓர் அறை வந்தது. சரியாகக் குடிக்காமல் இருந்த பிள்ளையின் அறை. மூடி குழியவே இல்லை. மற்றவற்றைவிட அழகாக இருந்தது.

"இது மழைக்கு முன்னால் மூடியது" என்றாள் காயா.

துப்புரவுத் தேனீக்கள் அதைத் தாண்டி அடுத்த அறைக்குப் போயின. கள்ளியும் நகர்ந்தாள். காயா மட்டும் அந்த மூடியின் மேலேயே நின்றாள். ஆறு அடைகளிலிருந்தும் பிள்ளைகள் பாலுக்குச் சுரண்டும் சத்தம் கிழிந்த பிசின் வழியாக வந்துகொண்டிருந்தது.

"நில்லுங்கள்" என்றாள். "நான் பொய் சொன்னேன். அதுவும் மழையில் மூடியதுதான்."

திறந்தார்கள். பிள்ளையின் அடியில் மூன்று உண்ணிகள் இருந்தன. அவற்றில் ஒன்று வயிறு பருத்து முட்டையிடத் தயாராக இருந்தது.

காயா பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அடுத்ததைக் காட்டினாள்.

மாலைக்குள் கடைசி அடையில் நான்கு அறைகள் மிஞ்சின. அந்த நேரத்தில் தும்பன் கீறல் வழியாக நழுவி ஓடைக்கு அப்பால் வேறொரு கூட்டுக்குப் பறந்துவிட்டான். அங்கே அவனை யாரும் தடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு காயா காலி வரிசையின் முன்னால் நின்றாள். பிள்ளைகள் போனதை அவளுடைய பால் அறியவில்லை. அது பாட்டுக்குச் சுரந்து வாய்க்கு வந்துகொண்டிருந்தது.

"காயா" என்று கள்ளி மெதுவாகக் கூப்பிட்டாள். "நாலாவது அடையில் பசித்த வாய்கள் இருக்கின்றன. வா."

"வருகிறேன், அக்கா."

அவள் வரவில்லை. ஒரு காலி அறைக்குள் தலையை நுழைத்துத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் பின்னால் நகர்ந்து பார்த்தாள். மறுபடியும் அதே அறைக்குள் தலையை நுழைத்தாள்.

நீதி: இரண்டு நாள் கொதிப்புக்குப் பயந்து காவலைத் தள்ளிவைத்தால், அந்தப் பயத்தின் பலனை நம்மை நம்பி இருக்கும் சிறியவர்கள் அனுபவிப்பார்கள்.